பாதியில் நின்ற ஜெபமும் ஏழு துணிச்சீட்டும்

எதையும் மறந்துவிடுகிற நான், என்னை மறக்காத கர்த்தரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் லாண்டரியில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். நான் சோம்பேறி அல்ல. எல்லாரையும்விட அதிகம் ஓடுவேன். ஆனால் அரிசி களையப் போனால் குழாயடியில் பாசி கண்ணில் படும். பாசியைத் தேய்க்க நார் எடுக்கப் போனால் அங்கே கிழிந்த பாவாடை கிடக்கும். ஊசி தேட உட்கார்ந்துவிடுவேன். பொழுது சாயும்போது பத்து வேலை தொடங்கியிருக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. அரைக்கிறுக்கு என்று என் காதுபடவே சொல்வார்கள்.

1978 ஜூலை மாதம். மழையும் பனிமூட்டமும் விடவே இல்லை. எங்கள் ஊரில் அந்த நாட்களில் துணியை வீட்டுக்குள்தான் காயவைப்போம். சட்டியில் கரி நெருப்பு போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியை விரிப்போம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அறைக்குள் ஆள் படுக்கக் கூடாது. கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்படி ஒருநாள் எனக்கு லீவு, உள்ளறையில் கரிச்சட்டி வைத்துத் துணி காயப்போட்டிருந்தேன். மூன்று வயது மகள் கிரேஸ் அந்த அறையிலேயே தூங்கிவிட்டாள். பனி உள்ளே வந்தது, பிள்ளைக்குக் குளிருமே என்று ஜன்னலைச் சாத்தினேன். கரிச்சட்டியை உடனே வெளியே எடுத்து வைக்க நினைத்தேன். சட்டியைப் பிடிக்கச் சாக்குத்துணி எடுக்க வெளியே போனேன். விறகு நனைந்துகொண்டிருந்தது. அதை அடுக்க ஆரம்பித்தேன். அழகாக அடுக்கினேன்.

பதினோரு மணி டீக்கு வந்த என் கணவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பிள்ளை துவண்டு கிடந்தாள். அப்போதும் என் கையில் ஒரு விறகுக்கட்டை இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஐந்தாம் நாள் அவர் கிரேஸைப் பூம்பாறையில் தன் அக்கா வீட்டுக்கு பஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தவர் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"ஒன்னைய நம்பி ஒரு கோழிக்குஞ்ச விட முடியாது. புள்ளைய எப்பிடி விடுறது?"

அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

சபையில் சில சகோதரிகள் எனக்குள் மறதியின் ஆவி இருக்கிறது என்றார்கள். மூன்று நாள் உபவாசம் இருக்கவைத்து, தலையில் ஓங்கித் தட்டி விரட்டினார்கள். அவர்களில் சிலர் இதை இப்போது வாசிக்கலாம். எந்த ஆவியும் போகவில்லை, அம்மா. தலைவலிதான் வந்தது.

தனியாக முழங்கால் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் என்னால் முடிக்க முடியவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளையை எனக்கு" என்று ஆரம்பிப்பேன். குழாயில் சொட்டுச் சத்தம் கேட்கும். எழுந்து அடைக்கப் போவேன். பல வாரம் இப்படியே போனது. ஒரு ஜெபம்கூட ஆமென் வரை போகவில்லை.

பதில் வந்தது. நான் நினைத்த மாதிரி வரவில்லை.

ஒருநாள் நான் காயாத போர்வைகளைப் பிள்ளைகளின் கட்டிலில் விரித்துவிட்டேன். ஹாஸ்டல் மேட்ரன் என்னை லாண்டரி வாசலில் நிற்கவைத்தார். பிள்ளைகளின் துணியில் நம்பர் தைக்கிற வெள்ளை நாடாவை ஏழு துண்டாக வெட்டி, ஒன்று முதல் ஏழு வரை எழுதி, ஊக்குப் போட்டு என் மார்பில் வரிசையாகக் குத்தினார்.

"நம்பர் போட்டாத்தான இங்க துணி தொலையாம இருக்கு. ஒனக்கும் அதான் மருந்து. இன்னைக்கு ஒனக்கு ஏழு சோலி. ஒரு சோலி முடிஞ்சா ஒண்ண கழட்டி எங்கிட்ட குடு. எல்லாம் கழட்டாம வீட்டுக்குப் போகக் கூடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். துணிக்கொடி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அழுதுகொண்டே ஊறப்போட்டேன், அலசினேன், தேய்த்தேன். நடுவில் வேறு எதற்காவது திரும்பினால் ஊக்கு குத்தியது, குனிந்து நம்பரைப் பார்த்தேன். நான்கு மணிக்கு மார்பில் ஒரு சீட்டும் இல்லை. என் வாழ்நாளில் ஒரு நாளின் வேலை முழுதாக முடிந்தது அன்றைக்குத்தான்.

அவர் அவமானப்படுத்தத்தான் குத்தினார். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் பாதியில் விட்ட ஜெபத்தின் மீதியைக் கர்த்தர் அந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேட்ரன் போதும் என்றார். நான்தான் நாடா கேட்டு வாங்கினேன். வீட்டுக்கும் சீட்டு செய்தேன். கரிச்சட்டிக்கு மட்டும் சிவப்பு நூலில் தைத்தேன். சட்டி வெளியே போகாமல் அந்தச் சீட்டு கழலாது. கடைவீதியில், கோயிலில், எங்கும் குத்திக்கொண்டே போனேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

என் கணவர் எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலையில், "வெள்ளனே கெளம்பு. பூம்பாறைக்குப் போவோம்" என்றார்.

கிரேஸ் என் நாத்தனாரை அம்மா என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்து நாத்தனாரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஸ்தோத்திரம் சொன்னேன். என் முதல் ஆமென் அந்த பஸ்ஸில்தான்.

இப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அன்று நடந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வீட்டில் கரி மூட்டினால், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அது வலிக்கிறது. அவள் உயிரோடு எழுந்து நடந்து போய்த் திறக்கிறாளே, அதற்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் ஜெபமும் பாதியில் நின்றுபோகிறதா? அப்படியே அவரிடம் கொடுங்கள், மீதியை அவர் முடிப்பார். ஆனால் பதில் இனிப்பாக வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு ஊக்கு முனையில்தான் வந்தது. இதை எழுதும்போதும் ஒன்று குத்தியிருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன், கழற்றுகிறேன்.