என் வீட்டுக்காரர் மிதித்த பனி

போன பிப்ரவரியில், விருத்தாசலத்திலிருந்து நாங்கள் நாலு குடும்பம் ரயிலேறி இமாச்சலத்துக்குப் பனி பார்க்கப் போனோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

நான் செராமிக் கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை செய்கிறேன். கப்பு, சாசரைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுப்பதுதான் என் வேலை. முக்குவதற்கு முன்னால் ஈரப் பஞ்சால் தூசியைத் துடைத்தே ஆகவேண்டும். துடைக்காமல் விட்டாலும் பூச்சு அழகாகத்தான் உட்காரும். சூளைக்குப் போனதும் பாளம் பாளமாக உரிந்துவிடும். இதற்காகப் புதுப் பெண்களிடம் நான் கத்தாத நாளில்லை.

அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவர் எங்களை மலைக்குள் நடத்திக் கூட்டிப்போனார். மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, அன்றுதான் வெயில் அடித்தது. வழியில் ஒரு வெள்ளைச் சரிவு வந்ததும் கையை விரித்துத் தடுத்தார். எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. அவர் ஓரமாக மண்வாரியால் இடுப்பளவு பள்ளம் தோண்டிக் காட்டினார். மேலே ஒரு முழத்துக்குக் கெட்டிப் பனி. அதற்குக் கீழே கொரகொரவென்று சர்க்கரை மாதிரி, அள்ளினால் ஒட்டாமல் உதிர்ந்தது. மேலே நாலு தட்டு தட்டினார். மேல்பாளம் மொத்தமாக நழுவி வந்தது. தூசி மேல் போட்ட பூச்சேதான் இது.

என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் புனேயில் வேலை பார்த்தவர், இந்தி நன்றாகத் தெரியும். வழிகாட்டி சொன்னது ஒவ்வொன்றும் அவருக்குப் புரிந்தது. ஆனால் பனிக்கு நடுவில் நின்று வீடியோ கால் போடுவதாகத் தன் அக்காவிடம் சொல்லியிருந்தாராம். போனை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவுப் பக்கம் கிளம்பினார்.

"வேணாங்க. மேல இருக்கறது கீழ ஒட்டல. ஆளு ஏறுனா மொத்தமா வந்துடும்" என்றேன்.

"கப்பு சாசர் முக்கறவ எனக்குப் பனியப் பத்திப் பாடம் எடுக்கறா பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வழிகாட்டி கையைப் பிடித்து இழுத்தும் இவர் உதறிவிட்டுச் சரிவுக்குள் போனார். இருபது அடி வைத்திருப்பார். தொம்மென்று ஒரு சத்தம். அவருக்கு மேலே கோடு கிழித்த மாதிரி விரிசல் ஓடியது. அடுத்த நொடி சரிவே நகர்ந்தது. ஆளைக் காணோம்.

வழிகாட்டி, இவர் மறைந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்று, பனி அடங்கியதும் ஓடினார். மிச்சப் பனியும் இறங்கியிருந்தால் வழிகாட்டியின் கதையும் முடிந்திருக்கும். கீழே ஒரு கையுறை மட்டும் வெளியே தெரிந்தது. நானும் ஓடினேன். பனி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அவர் மண்வாரியால் வெட்ட, நான் கையால் பறித்தேன். முகம் வெளியே வந்தபோது உதடெல்லாம் நீலம். வாய்க்குள் அடைத்திருந்த பனியை வழிகாட்டி விரலால் வழித்து எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருமல் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.

ஊர் திரும்பிய வாரம் நாத்தனார் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். மூச்சைப் பிடித்துத் தான் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று இவர் அளந்துகொண்டிருந்தார். வழிகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எல்லாம் பழமலைநாதர் புண்ணியம்" என்றார் நாத்தனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தோண்டி எடுத்தது அந்த வழிகாட்டிங்க. உங்க தம்பி கைய உதறிட்டுப் போனாரே, அந்த ஆளு. தன் உசுரப் பாக்காம ஓடியாந்தாரு. போவாதீங்கன்னு நானும் சொன்னேன், சிரிச்சாரு" என்று சத்தமாகவே சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு பேர் முன்னால் புருஷனை அப்படிப் பேசலாமா என்று மாமியார் இன்னும் குறைப்படுகிறார். அந்தச் சத்தத்தை மலையிலேயே போடாமல் விட்டதற்குத்தான் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.