துரைமாரின் முன் வாங்கு

ஹுன்னஸ்கிரிய மலைப்பாதையில் மழை பிடித்துக்கொள்கிறது. தேயிலைக்கு நடுவே நிற்கும் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குள் ஓடி, கடைசி மரவாங்குப் பலகையில் அடக்கமாக உட்காருகிறேன்.

“அங்க வேணாங்க, ஒழுகும்,” என்கிறார் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும் மேரியம்மா. சொல்லி முடிப்பதற்குள் என் கழுத்தில் சொட்டுகிறது.

வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிய கோயிலாம். மேரியம்மாவின் பாட்டன்மார்தான் மலையேறிக் கல் சுமந்தவர்கள். ஆனாலும் ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்குப் பின்னால்தான் இடம். முன் வாங்கு துரைக்கும் துரைசானிக்கும்.

“இப்ப முன்னால யாரு உக்காருவாங்க?”

“மொதல்ல வர்றவங்கதான். துரை வீட்டு ஆளு யாராச்சும் வந்தா அவங்களும் உக்காரலாம். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

முன்னால் போய் அமர்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் நால்வர் நனைந்தபடி சிரித்துக்கொண்டே ஓடி வருகிறார்கள். பீடத்தைக் கும்பிட்டுவிட்டு நேராக என் வாங்குக்கு வருகிறார்கள்.

“கொஞ்சம் தள்ளுங்கய்யா.”

தள்ளுகிறேன். இன்னும் தள்ளச் சொல்கிறார்கள். ஒருத்தி ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலோடு என் கையில் வைக்கிறாள்.

பாதி உடம்பு வாங்குக்கு வெளியே இருக்க, மழை இப்போதைக்கு விடக்கூடாது என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொள்கிறேன்.