நாள்பட்ட தீனி

துறவி நண்டின் குஞ்சுகளுக்கு எந்தத் தீனி ஒத்துவரும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஆய்வகம். காலிச் சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டு ஊரும் அந்த நண்டை, வயல்காட்டில் வளர்ந்த நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அதைப் பிடித்துவந்து கொடுத்ததும், குஞ்சுகளின் கிண்ணங்களுக்குத் தண்ணீர் மாற்றியதும் அங்கே தினக்கூலிக்கு வந்த மீனவர் வீட்டு அக்கா ஒருவர்.

குஞ்சுகள் தூசி அளவுதான் இருக்கும். நுண்பாசி மட்டும் கொடுத்தவை முதல் வாரமே செத்தன. உப்புத் தண்ணீரில் வாழும் ஆர்ட்டீமியாவின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, அந்தப் பொடிப் பூச்சிகளைப் போட்டேன். நன்றாகத் தின்றன. மூன்று முறை தோலுரித்தன. நான்காவது முறை உரிக்கையில் பாதித் தோலோடு செத்தன. அடுத்த தொகுதியும் அப்படியே.

"தின்னுதும்மா, ஆனா ஒடம்புல ஒட்டல. நேத்து பொரிச்சதையே இன்னிக்கும் போடுறீங்களே, அதுவா இருக்குமா?" என்றார் அக்கா.

தினமும் பொரிக்கவைக்க எனக்குச் சோம்பல். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் காரணம் கேட்டபோது, "கிண்ணத்த அந்தக்கா சோப்பு போட்டுக் கழுவுறாங்க போல சார்" என்றேன். அக்கா சோப்பைத் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாளே அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிண்ணங்களை நானே கழுவினேன். அப்போதும் செத்தன. பிறகுதான் தினமும் காலையில் புதிதாகப் பொரித்துப் போட்டேன். குஞ்சுகள் நான்காவது தோலையும் கழற்றிவிட்டுச் சங்கு தேட ஆரம்பித்தன. பொரித்த பூச்சி ஒரு நாள் பட்டினி கிடந்தால், உள்ளிருக்கும் சத்தை அதுவே கரைத்துவிடும். நான் வெறும் சக்கையை ஊட்டியிருக்கிறேன்.

அக்காவைத் தேடிப் போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுதான்க்கா சரி. தப்பு என்னோடது."

"சாருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?"

அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். "வேற ஆள் போட்டாச்சே, விடும்மா. ரிசல்ட் வந்துடுச்சுல்ல?" என்றார். விட்டுவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில், புதுத் தீனியையும் நாள்பட்ட தீனியையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியதற்காகத் தேர்வாளர் என்னைப் பாராட்டினார். நன்றி சார் என்றேன்.