சுண்ணாம்பு கரைந்த மூலை

ராமகுப்பம் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. மதியத்துக்குள் நான் திருப்பதியில் இருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் வரைபடங்களின் வரலாறு பற்றிய வகுப்பு. வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு நின்றவர்களின் பெயர் எந்தப் பழைய வரைபடத்திலும் இல்லை என்பதிலிருந்துதான் எப்போதும் ஆரம்பிப்பேன். டிரைவர் டயர் மாற்றுவதை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். இருப்புக்கொள்ளவில்லை. சாலையோர நிலத்தில் இறங்கி நடக்கிறேன்.

அங்கே ஒரு பெண் வரப்பில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறாள். ட்ரோன் விட்டு நிலங்களை மறுபடி அளக்கிறார்களாம். எல்லை மேலிருந்து வெள்ளையாகத் தெரிய வேண்டும். காலையில் போட்டதைத் தூறல் கரைத்துவிட்டது. இப்போது சுண்ணாம்புச் சட்டியும் காலி.

"எங்க நைனா கூலிக்கு ஏர் ஓட்டுன நெலம்க்கா இது. இப்ப எங்க பேர்ல கீது" என்கிறாள். "எங்க வூட்டுக்காரரு அந்த மூலைல நின்னுகினு கீறாரு. நான் எதுர் மூலைக்கு ஓடணும். நீ இந்த மூலைல, மேலேந்து வெள்ளையா தெரியறாப்ல இந்தத் துண்ட விரிச்சிப் புடிச்சிகினு நில்லு."

"பஸ் கிளம்பிடும்மா."

"டயரு மாட்டட்டும், போவலாம்." வெள்ளைத் துண்டை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறாள்.

ட்ரோன் தலைக்கு மேல் இரைகிறது. சாலையில் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். என் கால் தானாக ஓரடி முன்னால் போகிறது.

எதிர் மூலையிலிருந்து அவள் குரல் கொடுக்கிறாள். "நவுராதக்கா. நீ நவுந்தா எங்க நெலமும் நவுந்துடும்."

எடுத்து வைத்த காலைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்கிறேன்.