நாற்பத்து மூன்று பேரின் ஒரே கோட்டு

அருங்காட்சியகத்தில் கண்காட்சி வெள்ளிக்கிழமை திறக்க இருந்தது. வால்நட் குரோவ் ஜப்பானியர் தெருவின் பழைய படங்கள் பதினொன்றைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒட்டுவதற்கு, "படமெடுத்தவர்: தெரியவில்லை" என்று சீட்டு அச்சிட்டு வைத்திருந்தார்கள். எடுத்தவர் துசிஹாஷி எய்கிச்சி என்று பதினோரு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அவருடைய முத்திரை பதிந்த அசல் படம் ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் காட்டினால் சீட்டை மாற்றுவதாக அருங்காட்சியகத்தார் பதில் அனுப்பினார்கள். அந்தக் கடிதம் என்னிடம் உள்ளது. என் கோப்புகளை இரவல் வாங்கிப்போய், என் பெயரைக் குறிப்பிடாமலே கட்டுரை வெளியிட்ட ஆய்வாளரின் கையொப்பச் சீட்டும் உள்ளது. அது வேறு கதை.

துசிஹாஷி 1906இல், பதினெட்டு வயதில், ஜப்பானின் வாகயாமாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர். பகலில் பேரிக்காய்த் தோட்டங்களில் ஏணி சுமந்தார். அஞ்சல்வழியில் ஓவியம் படித்தார். ஆறு பாடங்கள் வந்ததும் அந்தப் பள்ளி மூடப்பட்டது. மனித உருவம் வரையச் சொல்லித்தரும் ஏழாம் பாடம் வரவே இல்லை. அதனால்தான் புகைப்படத்துக்கு மாறினார் என்பார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அவர் வரைந்த மனிதர்களைப் பார்த்தவர்கள் ஆதாரம் கேட்பதில்லை.

அவருடைய ஸ்டுடியோ பொதுக் குளியல் கூடத்தின் பின்கட்டில் இருந்தது. வாடிக்கையாளர்கள் வெந்நீரிலிருந்து நேரே வந்து அமர்ந்ததால் எல்லாப் படங்களிலும் முகங்கள் வேகவைத்தாற்போல் மின்னுகின்றன. பின்னால் தொங்கிய திரையில் ஓர் ஏரியும் ஒரு பைன் மரமும் தீட்டியிருந்தார். மரத்தின் நிழல் வலப்புறம் விழும். ஜன்னல் வலப்புறம் இருந்தமையால் மனிதரின் நிழல் இடப்புறம் விழும். முப்பது ஆண்டுகள் எங்கள் ஊரில் இரண்டு சூரியன்கள் எரிந்தன.

1942இல், ஜப்பானோடு நடந்த போரையொட்டி, அரசின் ஆணைப்படி ஜப்பானியர் அனைவரும் கேமராவை ஒப்படைத்துவிட்டு முள்வேலி முகாமுக்குப் போனோம். துசிஹாஷி மூன்றாம் குளிர்காலத்தில் அங்கேயே இறந்தார். முகங்கள் பதிந்த அவருடைய கண்ணாடித் தகடுகளை யாரோ நாற்றங்காலுக்குக் கூரையாக்கினார்கள். எங்கள் முன்னோர்களின் ஊடாக வெயில் வாங்கித் தக்காளி முளைத்தது.

எஞ்சியது படங்களில் இருந்த கோட்டு. திருமணமாகாத ஆண்கள் தங்கள் படத்தை ஜப்பானுக்கு அனுப்பித்தான் பெண் தேடினார்கள். தோட்டத்துச் சட்டையில் நிற்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஸ்டுடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. மூன்றாவது பொத்தான் இல்லை. காலரில் அரிசிமணி அளவில் தீப்பட்ட ஓட்டை. நாற்பத்து மூன்று குடும்பங்களின் படங்களில் அந்தக் கோட்டை அடையாளம் கண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் அது தாத்தா தனக்கென்று தைத்துக்கொண்ட கோட்டு. உண்மையைக் குடும்பப் பெயர்களுடன், அகர வரிசையில், எங்கள் பௌத்தக் கோயிலின் பத்திரிகையில் வெளியிட்டேன். அதன் பிறகு கோயிலில் எனக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன.

முகாமிலிருந்து திரும்பியவர்கள் ஆல்பத்துக்கு அடங்குவதற்காகப் படங்களின் அட்டை ஓரங்களை வெட்டிவிட்டார்கள், அங்கே இருந்த முத்திரையும் போயிற்று. வெட்டாத படம் ஒன்றே ஒன்று, மீன்கடை கிக்குயேயின் தந்தை இவாகிரி ஜின்சபுரோவுடையது. அதையும் நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கிக்குயேயின் தாயாருடைய இறுதிச் சடங்கில் ஊதுவத்திப் புகைக்கு நடுவே பார்த்ததுதான். இருந்தும் பட்டியலில் சேர்த்திருந்தேன்.

ஞாயிறு காலை கடைக்குப் போனேன். கிக்குயே கானாங்கெளுத்தி அறுத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர்.

"வா யோனே. இன்னிக்கு யார் வீட்டுக் கோட்டை உருவ வந்திருக்க?"

"உங்க அப்பா படம் ரெண்டு நாளைக்கு வேணும், அக்கா. ரசீது எழுதித் தர்றேன்."

"நீ பொறக்கும்போதே கையில ரசீதோடதான் பொறந்திருப்ப. அது எங்கப்பா சான் பிரான்சிஸ்கோவுல அளவு குடுத்துத் தைச்ச கோட்டு. எங்கம்மா அதைப் பாத்துதான் கப்பலே ஏறினா."

"எல்லா அம்மாவும் அதைப் பாத்துதான் ஏறினாங்க, அக்கா."

கத்தி வாசலைக் காட்டியது. நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

"சரி, அக்கா. துசிஹாஷி ஐயா பேருக்குப் பதிலா 'தெரியவில்லை'ன்னு ஒட்டிடுவாங்க. அவ்வளவுதான்."

கத்தி நின்றது.

"தெரியலையா? ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீட்டுல மூணு கிண்ணம் சோறு தின்ன மனுஷனையா தெரியல?"

கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனவர் படத்தோடு வந்தார். "எழுதுறதுக்கு முன்னாடி பாரு. பாக்குறதுக்கு முன்னாடி எழுதாத."

உருப்பெருக்கியை எடுத்தேன். மூன்றாவது பொத்தான் இருந்தது. காலரில் ஓட்டை இல்லை. நான் பார்த்த படங்களில் எல்லாம் கைவிரல்களை விழுங்கிய அந்தக் கோட்டின் கை, ஜின்சபுரோவுக்கு மட்டும் மணிக்கட்டில் சரியாக நின்றது. அட்டையின் பின்னால் ஊதா நிற முத்திரை, அதன் கீழே துசிஹாஷியின் கையெழுத்தில், "கோட்டு இவாகிரியுடையது. மணப்பெண் வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்."

"வந்தப்புறமும் வாங்கலையா?"

"எங்க வாங்கினார்! அம்மா கப்பல்லேருந்து எறங்கி கோட்டைத் தேடுறா. அப்பா தோட்டத்துச் சட்டையில நிக்கிறார். கோட்டு எங்கன்னு கேட்டா, 'இன்னிக்கு வேற ஒருத்தருக்குப் படம் எடுக்குறாங்க'ன்னாராம். சாகுற வரைக்கும் அதைச் சொல்லித் திட்டினா."

உருப்பெருக்கியைப் பையில் வைத்தேன். இதற்கு உரிய கோப்பு என்னிடம் கிடையாது.

"திருத்தம் போட்டுடறேன், அக்கா."

"மொதல் பக்கத்துல போடணும். ரசீது ரெண்டு பிரதி எழுது. உன்னை நம்ப முடியாது."

திங்கட்கிழமை முத்திரையையும், பதினொரு படங்களிலும் உள்ள அதே ஏரித் திரையையும் காட்டினேன். வெள்ளிக்கிழமை பதினொரு படங்களின் கீழும் துசிஹாஷி எய்கிச்சியின் பெயர் இருந்தது. இவாகிரியின் படம் பன்னிரண்டாவதாக மாட்டப்பட்டது. கிக்குயே அதன் அருகே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மற்றப் படங்களின் முன் அந்தந்தக் குடும்பத்தார் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தார்:

"எங்கப்பா கோட்டுதான். அதுக்கு உங்க தாத்தா கை நீளம் கொஞ்சம் பத்தல, பாருங்க."