முகமூடியின் உட்புறம்

நடந்தவை, வரிசையாக:

1. கப்பலில் வேலை என்று சொல்லிப் போன மாமா, ஆப்பிரிக்காவில் வாங்கியதாக ஒரு மர முகமூடியைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார்.
2. மறுபடி போனவர் திரும்பவில்லை.
3. அலோர் காஜா வீட்டில் தனியாக இருந்த அத்தை, திருஷ்டிக்காக அதை வாசல் நிலைக்கு மேல் ஆள் விட்டு மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டினார்.
4. நான்கு வருடம் கழித்து, மாமா கப்பலே ஏறவில்லை, ஜொகூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார்.
5. அத்தை பக்கத்து வீட்டுக்காரரை விட்டு முகமூடியைக் கழற்றி, என் மடியில் வைத்தார்.

நான் பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கணினிச் சில்லுகளைச் சோதிப்பவள். அத்தைக்கு அது போதும். "இது அங்கத்து சாமானான்னு மட்டும் சொல்லுலா. அங்கத்ததுன்னா அவரு போனது நெஜம்."

தெங்கேராவில் ஆப்பிரிக்க முகமூடிகள் சேர்த்து வைத்திருந்த பழம்பொருள் கடைக்காரரிடம் முதலில் கொண்டுபோனேன். வெளிப்புறக் கரியைத் தடவி, ஐம்பது வருடச் சடங்குப் புகை என்று மலாய் மொழியில் சொன்னார். அது அத்தை வீட்டுச் சாம்பிராணி என்று நான் சொல்லவில்லை. பிறகு திருப்பிப் பார்த்தார். விற்பதற்கென்றே செதுக்கியதில் உட்புறம் சொரசொரப்பாக இருக்குமாம்; அணிந்து ஆடியதில் நெற்றியும் கன்னமும் படும் இடங்கள் வழவழப்பாகிவிடுமாம். இதில் அந்த இடங்கள் பளபளத்தன. நிறைய தடவை போட்டிருக்கிறார்கள் என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில் லென்சுக்கு அடியில் வைத்தேன். உட்புறத்தில் மூன்று அடுக்குகள் தெரிந்தன. அடியில் புதிய உளித் தடங்கள். அவற்றின்மேல் கண் துளைகள் வழியே ஏறிய சாம்பிராணிக் கரி. கரிக்கும் மேலே வியர்வையின் பளபளப்பு. மூன்று முறை பார்த்தேன். வரிசை மாறவில்லை. அப்படியானால் யாரோ இதை அணிந்தது, அத்தை வீட்டு வாசலில் மாட்டிய பிறகுதான்.

முழங்கால் வலியால் அத்தையால் ஸ்டூலில் ஏற முடியாது. மாமா உயரமானவர், கையை நீட்டினாலே ஆணி எட்டும்.

பார்த்ததை மட்டும் அத்தையிடம் சொன்னேன். அவர் உட்புறத்தை முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். மாமா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை.

"அப்ப வந்துட்டுதான் போறாரு," என்றார், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

முகமூடி பழைய ஆணியில் இருக்கிறது. அது எந்த ஊரில் செதுக்கியது என்று எனக்கு இன்னும் தெரியாது. அத்தை வாசல் கதவைத் தாழிடுவதில்லை.