திக்னோ பாதியில் விட்ட பாட்டு

பேருந்துகளில் ஏறிப் பாடிக் காசு கேட்பவர்களை விரட்டும்போது அவர்களின் குட்டிக் கிட்டாரை உடைப்பதில் திக்னோவை அடித்துக்கொள்ள அந்தப் பேருந்து நிலையத்தில் ஆளில்லை. மற்ற காவலாளிகள் அதைத் தரையில் அடித்து, பூட்ஸ் காலால் மிதித்து, வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். இவன் அதன் கழுத்தும் வயிறும் சேருமிடத்தை முழங்காலில் வைத்து ஓர் அமுக்கு அமுக்குவான். மளுக்கென்று போய்விடும். அப்புறம் பாட்டுக்காரனின் செவிட்டில் ஒன்று விடுவான். எங்கே அழுத்தினால் உடையும் என்பது அவனுக்குத் தெரியாதா? சுராபாயா பேருந்துகளில் ஏறி இறங்கிப் பாடிப் பிழைத்தவன்தானே அவனும்.

மனைவி வுலான் முழுகாமல் இருந்தபோது காவல் வேலைக்கு வந்தான். பாட்டை விட்டுவிட்டதாக அவன் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. முதலில் வேலை முடிந்து வந்து வாசிப்பான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு ஞாயிறும் வேலைநாள் ஆனது. ஆட்களை அடித்து அடித்து வீங்கிய கையால் கம்பியை எப்படித் தொடுவது? ஒரு மழைக்காலத்தில் வுலான் கிட்டாரைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அது வீட்டில் இல்லை என்பதே அவனுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது. கூட்டாளி ஜாரோட்டோடு பாடித் திரிந்த காலத்தில் அவன் கட்டிய ஒரு பாட்டு. ஆற்றங்கரையில் துணி உலர்த்தும் பெண்ணைப் பற்றியது. முதல் சரணத்தோடு நின்றுபோயிருந்தது. என்றைக்காவது அதை முடித்துவிடுவேன், அதுவரை நான் பாட்டுக்காரன்தான் என்று ஒரு நினைப்பு அவனுக்கு. பேருந்துப் பாடகர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவன் பாதியில் விட்டதை, அவன் சாகும்வரை அடுத்தவன் தொடக்கூடாது. அதனால் பாட்டு எங்கேயும் போய்விடாது என்று நிம்மதியாக இருந்தான், மடையன்.

அன்று நடுப்பகலில் மாலாங் போகும் பேருந்துக்குள் அந்தப் பாட்டு கேட்டது. ஜாரோட்டின் குரல். திக்னோ தடியோடு படியேறும்போது முதல் சரணம் முடிந்து, அவன் எழுதாத இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவும் இருந்தது. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

கடைசி வரி வருமுன்னே ஜாரோட்டின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? யாரைக் கேட்டுடா முடிச்ச?"

ஜாரோட் தரையில் உட்கார்ந்தபடி வாயைத் துடைத்தான். "நீ என் கிட்டாரை உடைச்ச அன்னிக்கே உனக்கு ஏழாம் நாள் ஓதிச் சோறும் தின்னாச்சுண்ணே. கோழிக்கறி நல்லாருந்துச்சு."

பக்கத்து ரவோன் கடையில் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். திக்னோ விலாவில் ஓர் உதை விட்டான். ஜாரோட் சுருண்டு, இருமி, மறுபடி நிமிர்ந்தான்.

"சாகலேன்னா வாசிச்சுக் காட்டு. உன் பாட்டுதானே? நீ வாசிச்சுட்டா நான் எழுதினதை மறந்துடறேன்."

பக்கத்தில் விழுந்து கிடந்த தன் கிட்டாரை எடுத்து நீட்டினான். வேலை வாங்கும் மேலாள் பாக் ஹார்தோ தூரத்திலிருந்து, "என்னப்பா, கச்சேரியா? சட்டுபுட்டுன்னு முடி" என்றார்.

திக்னோ வாங்கிக்கொண்டான். தடித்த விரல்கள் ஒரு கம்பியை அழுத்தப் போய் இரண்டை அழுத்தின. முதல் வரியைப் பாடினான். அடுத்த வரி வரவில்லை. தன் பாட்டு, தன் வாயில் வரவில்லை.

ஜாரோட் மெதுவாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தான். திக்னோ அதைத் திருப்பிச் சொன்னான். மூன்றாவதையும் ஜாரோட்தான் எடுத்துக் கொடுத்தான். குரலில் கேலி துளிகூட இல்லை. கேலி செய்திருந்தால் திக்னோ தாங்கியிருப்பான். அந்த இரக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கிட்டாரை ஜாரோட்டின் தலையில் அடித்து உடைத்தான். தரையில் ஊன்றியிருந்த அவன் இடது கையைப் பூட்ஸால் மிதித்துப் பிடித்து, விரல்களின்மேல் தடியை இறக்கினான். எலும்பு நொறுங்குவது கடைவரை கேட்டது. மறுபடி இறக்கினான். ஜாரோட்டின் அலறலில் சூப்புக் கிண்ணங்கள் அப்படியே நின்றன. பாக் ஹார்தோ ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்தபிறகுதான் ஓய்ந்தான்.

"போதும்டா பாவி. செத்துகித்துத் தொலையப் போறான்."

ஜாரோட்டைத் தூக்கி ஒரு ரிக்‌ஷாவில் போட்டார்கள். திக்னோ பாக் ஹார்தோவை உதறிவிட்டு ஓடிப்போய் ரிக்‌ஷாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"ஜாரோட்டு, அந்தக் கடைசி வரி என்னடா? நான் கேக்கலியே. அதை மட்டும் சொல்லிட்டுப் போடா."

நொறுங்கிய கையை நெஞ்சோடு அணைத்தபடி ஜாரோட் அவனையே பார்த்தான். பிறகு கிழிந்த உதட்டை இறுக மூடிக்கொண்டான்.